ஆரவாரத்தின் அளவும் காதின் கணக்கும்
(ஒலி பாடத்திற்கு ஒரு துணைக் கட்டுரை)

எட்டாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அறிவியல் பாடத்தில் ஒலி இடம்பெறுகிறது. அலைநீளம், அதிர்வெண், எதிரொலி எல்லாம் விரிவாக வரும். ஒலிச் செறிவும் டெசிபலும் மட்டும் பெரும்பாலும் ஓர் அட்டவணையோடு முடிந்துவிடும். ‘மெல்லிய பேச்சு 30, சாதாரண உரையாடல் 60, ஜெட் விமானம் 120க்கு மேல்’ என்று மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அந்த அட்டவணை இரண்டு செய்திகளைச் சொல்வதில்லை. ஒன்று, டெசிபல்களை நாம் எண்களைக் கூட்டுவதுபோல் கூட்ட முடியாது. இரண்டு, காதுக்கு வரும் கேடு ஒலியின் அளவைப் பொறுத்தது மட்டுமன்று; அது எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் பொறுத்தது.

இந்த இரண்டையும் கற்பிக்க நான் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தும் எடுத்துக்காட்டு, அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து அரங்குகளில் எழும் கூட்டத்தின் ஆரவாரம். தொலைதூர நாட்டு விளையாட்டு எதற்கு என்று தோன்றலாம். அங்கே ஒலி தானாக எழுவதில்லை. ஒரு நோக்கத்தோடு எழுப்பப்படுகிறது. அதைக் கருவி வைத்து அளந்து பெருமையாக அறிவிக்கவும் செய்கிறார்கள். ஆட்டமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் நடக்கிறது. அளவு, நேரம் இரண்டும் ஒரே இடத்தில் கிடைப்பதால் பாடத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

ஆட்டத்தை அறிமுகம் செய்தல்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். அமெரிக்கர்கள் கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிர் எல்லைக்குக் கொண்டுசெல்லும் ஆட்டம் அது. கல்லூரி அணிகளின் ஆட்டங்கள் ஆகஸ்டு இறுதியில் தொடங்கி, முக்கியமாகச் சனிக்கிழமைகளில் நடக்கும். ஓர் அணி தன் சொந்த அரங்கில் ஆண்டுக்கு ஆறேழு ஆட்டங்கள் ஆடும். மிச்சிகன் பல்கலைக்கழக அரங்கில் 1,07,601 பேர் அமரலாம். ஒரு நடுத்தர ஊரின் மக்கள் முழுவதும் ஒரே கிண்ணத்துக்குள் அமர்ந்திருப்பதாக மாணவர்களைக் கற்பனை செய்யச் சொல்லலாம்.

இந்த ஆட்டம் தொடர்ந்து ஓடுவதில்லை. துண்டு துண்டாக நடக்கும். ஒவ்வொரு துண்டும் தொடங்குமுன் பந்தை வைத்திருக்கும் அணியின் தலைமை ஆட்டக்காரர் குவார்ட்டர்பேக், தன் அணியினருக்குக் குரல் கொடுத்து உத்தரவிடுவார். எந்த நொடியில் பந்து நகர வேண்டும் என்பதையும் குரலால்தான் சொல்வார். அந்தக் குரல் கேட்காவிட்டால் யாராவது ஒருவர் முன்கூட்டியே அசைந்துவிடுவார். அதற்குத் தண்டனை ஐந்து கெஜம் பின்னால் செல்வது, அதாவது ஏறத்தாழ நாலரை மீட்டர்.

எனவே உள்ளூர் ரசிகர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். தங்கள் அணியிடம் பந்து இருக்கும்போது அமைதி காப்பார்கள். எதிரணியிடம் பந்து போனதும் தொண்டை கிழியக் கத்துவார்கள். களத்தில் ஓர் அணிக்குப் பதினொரு பேர். கத்தும் கூட்டமே பன்னிரண்டாவது ஆட்டக்காரர். இந்தப் பெயரைப் பெருமையாகச் சுமக்கும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் அதற்கு ஒரு வரலாறும் உண்டு. 1922 ஜனவரி 2 அன்று டாலஸ் நகரில் நடந்த ஆட்டத்தில் பலருக்குக் காயம் ஏற்பட, பார்வையாளர் பகுதியில் இருந்த கிங் கில் என்ற மாணவர் சீருடை அணிந்து, தேவைப்பட்டால் இறங்கத் தயாராக ஆட்டம் முடியும்வரை ஓரத்தில் நின்றார். அதன் நினைவாக அங்கே மாணவர்கள் இன்றும் ஆட்டம் முழுவதும் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

இந்த இடத்தில் மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி: “எதிரணியின் காதில் குரல் விழாமல் செய்யத்தானே கத்துகிறார்கள்? அந்தச் சத்தம் முதலில் யார் காதில் விழுகிறது?” சிறிது நேரத்தில் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: “கத்துறவங்க காதுலயும் பக்கத்துல இருக்கிறவங்க காதுலயும்தான், சார்.” பாடம் அங்கே தொடங்குகிறது.

செயல்பாடு 1: குரல்களைக் கூட்டுவோம்

கைப்பேசியில் ஒலி அளக்கும் இலவசச் செயலி ஒன்றைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். அது ஆய்வகக் கருவியைப்போல் துல்லியமானது அன்று. ஆனால் இரண்டு அளவுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைக் காட்டப் போதுமானது.

வகுப்பின் ஒரு முனையில் கைப்பேசியை மேசைமீது வைக்கவும். மூன்று மீட்டர் தள்ளி ஒரு மாணவரை நிறுத்தி, பேசும் குரலைவிடச் சற்று உயர்த்தி ஐந்து நொடிகள் ‘ஆ’ என்று ஒலிக்கச் சொல்லவும். அளவைக் கரும்பலகையில் குறிக்கவும். பிறகு அதே தொலைவில் 2, 4, 8, 16 மாணவர்கள் என்று கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறையும் அளப்பதற்கு முன் விடையை ஊகிக்கச் சொல்ல வேண்டும். இந்த ஊகம்தான் செயல்பாட்டின் உயிர்.

ஒருவருக்கு 70 வந்தால் 16 பேருக்கு 1120 வரும் என்று பெருக்கிச் சொல்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பில் இருக்கிறார்கள். கருவி 80ஐ ஒட்டி நிற்பதைப் பார்த்ததும் செயலி பழுது என்று வாதிடுவார்கள். அப்போது விளக்கினால் மனத்தில் பதிகிறது: ஒலியின் ஆற்றல் இருமடங்கானால் டெசிபல் 3 மட்டுமே கூடும். ஆற்றல் பத்து மடங்கானால் 10 கூடும். எனவே 2, 4, 8, 16 பேருக்குக் கோட்பாட்டின்படி முறையே 3, 6, 9, 12 டெசிபல் உயர வேண்டும். எல்லார் குரலும் ஒரே அளவில் இராது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியும் சேரும். எனவே எண்கள் சற்று முன்பின்னாக வரும். அந்த வேறுபாட்டுக்குக் காரணம் தேடச் சொல்வதும் அறிவியல்தான்.

இதையே அரங்குக்கு நீட்டிக்கலாம். எல்லாரும் ஒரே தொலைவில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒருவரைவிட 10 பேர் 10 டெசிபல் கூடுதல். 100 பேர் 20. 1,000 பேர் 30. 1,00,000 பேர் 50 டெசிபல் கூடுதல். லட்சம் பேர் சேர்ந்தும் ஐம்பதுதானா என்று மாணவர்கள் ஏமாற்றம் அடைவார்கள். மறுபக்கத்தையும் காட்ட வேண்டும்: அந்த ஐம்பது டெசிபலுக்குள் லட்சம் மடங்கு ஆற்றல் ஒளிந்திருக்கிறது. எண் சிறிதாகத் தெரிவதால் ஆபத்தும் சிறிது என்று நினைக்கக் கூடாது. மடக்கை அறியாத வகுப்பிலும் ‘இருமடங்குக்கு மூன்று, பத்து மடங்குக்குப் பத்து’ என்ற இரண்டு விதிகளை வைத்து இவ்வளவையும் நடத்திவிடலாம்.

பெரிய அரங்கா, நெருக்கமான அரங்கா?

மேற்கண்ட கணக்கிலிருந்து ஒரு புதிர் பிறக்கிறது. ஓரிகன் பல்கலைக்கழகத்தின் ஆட்சன் அரங்கில் சுமார் 54,000 பேர்தான் அமர முடியும். மிச்சிகனில் அதைப்போல் இருமடங்கு. ஆனால் இரைச்சலுக்குப் பெயர்போன அரங்குகளில் ஆட்சனும் ஒன்று. மிச்சிகனோ நீண்ட காலம் கூட்டத்துக்கு ஏற்ற சத்தம் இல்லாத அரங்கு என்றே பேசப்பட்டது. இது எப்படி?

ஆள் இருமடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான் என்பது விடையின் முதல் பாதி. அரங்கின் வடிவம் இரண்டாம் பாதி. மிச்சிகனில் இருக்கை வரிசைகள் மெல்லிய சரிவில் அகன்று விரிகின்றன. ஒலியின் பெரும்பகுதி திறந்த வானத்துக்குப் போய்விடுகிறது. 2010இல் இருபுறமும் உயரமான கட்டடங்கள் எழுப்பப்பட்ட பிறகு ஆரவாரம் கூடியதாக ரசிகர்கள் உணர்ந்தார்கள். ஆட்சனில் ஆடுகளம் தரைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது; இருக்கைகள் களத்தை நெருங்கிச் செங்குத்தாக ஏறுகின்றன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹஸ்கி அரங்கில் இருக்கைகளின்மேல் இருபுறமும் கூரை நீண்டிருக்கிறது. மேலே போகும் ஒலியை அது மீண்டும் கீழே அனுப்புகிறது. 1992இல் நெப்ராஸ்கா அணியுடனான ஆட்டத்தில் அங்கே 133.6 டெசிபல் பதிவானதாகச் சொல்லப்படுகிறது. கல்லூரி ஆட்டங்களில் இதுவே உச்சம் என்று பலரும் குறிப்பிடுகிறார்கள்.

ஒலி எதிரொளிப்பு என்ற பாடத்தலைப்புக்கு இதைவிட நல்ல வரைபடப் பயிற்சி எனக்குக் கிடைக்கவில்லை. மூன்று அரங்குகளின் குறுக்குவெட்டைக் கரும்பலகையில் வரைந்து, ஒலிக்கதிர்கள் எங்கே போகும் என்று மாணவர்களையே கோடு போடச் சொல்லலாம். மேற்கூரையிட்ட நம் பள்ளி உணவுக்கூடத்தில் ஏன் அவ்வளவு இரைச்சல் என்ற கேள்வியும் தானாக வந்துவிடும்.

இதனோடு ஒரு சுவையான செய்தி. 1988 அக்டோபர் 8 அன்று லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் ஆபர்ன் அணியை 7–6 என்ற கணக்கில் வென்றது. கடைசி நிமிடங்களில் வெற்றிப் புள்ளி கிடைத்த நொடியில் கூட்டம் துள்ளிக் கத்தியது. அருகில் இருந்த நிலவியல் துறையின் நிலநடுக்கப் பதிவுக் கருவியில் அந்த அதிர்வு பதிவாகிவிட்டது. இன்றும் அதை ‘நிலநடுக்க ஆட்டம்’ என்றே அழைக்கிறார்கள். கருவி பதிவு செய்தது குரலையா, ஆயிரக்கணக்கான கால்கள் குதித்த அதிர்வையா என்று வகுப்பில் விவாதிக்க விடலாம். அலை பரவ ஊடகம் தேவை என்பதும் காற்றில் பரவும் அலைக்கும் திண்மத்தில் பரவும் அலைக்கும் உள்ள வேறுபாடும் அந்த விவாதத்தில் தெளிவாகும்.

காதுக்குள் என்ன நடக்கிறது?

செவிப்பறையின் அதிர்வு மூன்று சிறு எலும்புகள் வழியாக நத்தைக் கூடு போன்ற காக்லியாவை அடைகிறது. அதனுள் உள்ள திரவம் அசைகிறது. அங்கே நுண்ணிய மயிரிழைகளைத் தாங்கிய செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000 செல்கள். இழைகள் வளையும்போது மின் சமிக்ஞை பிறந்து நரம்பு வழியாக மூளைக்குச் செல்கிறது. ஒரு வகுப்புக்குத் தேவையான வியப்பு இந்த எண்ணிலேயே இருக்கிறது. கண்ணில் ஒளியுணரும் செல்கள் கோடிக்கணக்கில் உண்டு. காதுக்கு இருப்பதோ சில ஆயிரம்தான்.

செயல்பாடு 2 இதற்கானது. மாணவர்களை விளையாட்டுத் திடலின் புல்தரைக்கு அழைத்துச் செல்லுங்கள். புல்லை உள்ளங்கையால் ஒருமுறை தடவச் சொல்லுங்கள், உடனே நிமிர்ந்துவிடும். ஒருமுறை மிதிக்கச் சொல்லுங்கள். படிந்து, சிறிது நேரம் கழித்து நிமிரும். பிறகு எல்லாரும் தினமும் நடக்கும் ஒற்றையடிப் பாதையைக் காட்டுங்கள். அங்கே புல்லே இல்லை. மெல்லிய ஒலி தடவுவது போன்றது. ஓர் ஆட்டத்தின் ஆரவாரம் மிதிப்பது போன்றது. திரும்பத் திரும்பக் கேட்கும் பேரொலி அந்தப் பாதை. உவமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும்: நடமாட்டம் நின்றால் பாதையில் புல் மீண்டும் முளைக்கும். மனிதக் காதில் அழிந்த மயிர்ச்செல் மீண்டும் முளைப்பதில்லை. பறவைகளுக்கு முளைக்கிறது, பாலூட்டிகளுக்கு அந்தத் திறன் இல்லை.

ஆட்டம் முடிந்து வெளியே வரும் ரசிகர்கள் பலருக்குக் காது அடைத்ததுபோல் இருக்கும். ‘ங்ஙொய்’ என்று ஓர் இரைச்சல் கேட்கும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ சரியாகிவிடும். இதைத் தற்காலிகக் கேள்திறன் குறைவு என்கிறார்கள். சரியாகிவிட்டதால் ஒன்றும் நேரவில்லை என்று நினைப்பது இயல்பு. 2009இல் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மேன் இருவரும் எலிகளில் செய்த ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. கேள்திறன் பழைய நிலைக்குத் திரும்பிய எலிகளிலும், மயிர்ச்செல்லையும் நரம்பையும் இணைக்கும் இணைப்புகளில் பல நிரந்தரமாக அறுந்திருந்தன. மனிதர்களில் இது எந்த அளவுக்கு நிகழ்கிறது என்று ஆய்வுகள் தொடர்கின்றன. அமைதியான அறையில் நன்றாகக் கேட்டாலும் சந்தடியில் பேச்சைப் பிரித்தறிய முடியாமல் சிலர் தவிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

பேரொலியால் முதலில் பழுதாவது உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன். குறிப்பாக 4000 ஹெர்ட்ஸ் அளவில். பேச்சில் உயிரொலிகள் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்ணில் ஆற்றலோடு ஒலிக்கும். ச, ஸ, ஷ போன்ற மெய்யொலிகள் உயர் அதிர்வெண்ணில் மெலிதாக ஒலிக்கும். ஆகவே பாதிக்கப்பட்டவர், “நீங்க பேசுறது கேக்குது, என்ன சொல்றீங்கன்னுதான் புரியல” என்பார். மொழியாசிரியர்களும் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது.

செயல்பாடு 3: ஒரு நாளின் ஒலிக்கணக்கு

அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நயோஷ், தொழிலாளர்களுக்கு ஒரு வரம்பைப் பரிந்துரைக்கிறது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். முதல் வரியை மட்டும் கொடுத்து, மீதியை மாணவர்களையே நிரப்பச் சொல்லலாம்.

85 டெசிபல் – 8 மணி நேரம்
88 டெசிபல் – 4 மணி நேரம்
91 டெசிபல் – 2 மணி நேரம்
94 டெசிபல் – 1 மணி நேரம்
97 டெசிபல் – 30 நிமிடம்
100 டெசிபல் – 15 நிமிடம்
103 டெசிபல் – ஏழரை நிமிடம்

ஏன் மூன்றுக்குப் பாதி? முதல் செயல்பாட்டை நினைவூட்டினால் போதும். 3 டெசிபல் கூடினால் ஆற்றல் இருமடங்கு. எனவே நேரம் பாதி.

இனி அரங்கில் அமர்ந்திருக்கும் ஒரு ரசிகருக்குக் கணக்குப் போடுவோம். ஓர் அணி ஓர் ஆட்டத்தில் சுமார் 70 முறை பந்தைத் தொடங்கும் என்று கொள்வோம். எதிரணியின் அந்த 70 முறையும் கூட்டம் 15 நொடிகள் 100 டெசிபலில் கத்துகிறது. மீதி 3 மணி நேரம் இசைக்குழு, ஒலிபெருக்கி, பேச்சு என்று சராசரி 88 டெசிபல். (100, 88 இரண்டும் பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஆசிரியர் விரும்பியபடி மாற்றலாம்.)

கத்தும் நேரம்: 70 × 15 = 1050 நொடிகள், அதாவது 17.5 நிமிடம். 100 டெசிபலுக்கு அனுமதி 15 நிமிடம். 17.5 ÷ 15 = 117 விழுக்காடு.
மீதி நேரம்: 88 டெசிபலுக்கு அனுமதி 4 மணி. 3 ÷ 4 = 75 விழுக்காடு.
மொத்தம்: 192 விழுக்காடு.

ஒரு நாளைக்கு உரிய அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு! ஒவ்வொரு முறையும் வெறும் 15 நொடிதானே என்று நினைத்தது, சேர்ந்து வரம்பைத் தாண்டிவிடுகிறது. சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்கும் பொருந்தும்.

அடுத்து, அந்த ரசிகர் 15 டெசிபல் குறைக்கும் காதடைப்பான் அணிந்திருந்தால்? 15 டெசிபலில் ஐந்து மூன்றுகள் உண்டு. ஐந்து முறை பாதியாக்கினால் 2 × 2 × 2 × 2 × 2 = 32இல் ஒரு பங்கு. 192 ÷ 32 = 6 விழுக்காடு. அடுக்குகள் பாடம் நடத்தும் கணித ஆசிரியரையும் இந்த வகுப்புக்கு அழைத்துக்கொள்ளலாம். விலை குறைந்த ஒரு சிறு நுரைத்துண்டு 192ஐ 6 ஆக்குகிறது என்பதை மாணவர்கள் தாங்களே கணக்கிட்டுக் காணும்போது, அறிவுரைக்குத் தேவையே இல்லாமல் போகிறது.

அளவோடு பேசவும் பழக்க வேண்டும். இந்த வரம்பு ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் வேலை செய்பவர்களுக்காக வகுத்தது. ஒரே ஓர் ஆட்டம் பார்த்தவர் செவிடாகிவிடுவார் என்று பொருளில்லை. ஆனால் இசைக்குழு மாணவர்கள், வழிகாட்டிகள், காவலர்கள், தின்பண்டம் விற்பவர்கள் ஆகியோர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கணக்கு வேறு. ரசிகர்களுக்கும் அரங்குக்கு வெளியே காதொலிப்பான், இசை நிகழ்ச்சி, வாகன இரைச்சல் என்று கணக்கு தொடர்ந்துகொண்டே இருக்கிறது.

சாதனை எண்ணை எப்படிப் படிப்பது?

அமெரிக்கத் தொழில்முறை ஆட்டம் ஒன்றில், 2014 செப்டம்பர் 29 அன்று கான்சஸ் சிட்டி ரசிகர்கள் எழுப்பிய 142.2 டெசிபல் கின்னஸ் சாதனையாகப் பதிவானது. இத்தகைய எண்ணைக் கண்டதும் மூன்று கேள்விகள் கேட்க மாணவர்களைப் பழக்குகிறேன். கருவியை எங்கே வைத்தார்கள்? எத்தனை நொடிகள் நீடித்தது? அது உச்ச அளவா, சராசரியா? கத்துபவர்களுக்கு மிக அருகே கருவியைப் பிடித்தால் எண் உயரும். ஒரு கண நேர உச்சம் ஆட்டம் முழுவதன் சராசரி ஆகாது. எனவே இரண்டு அரங்குகளின் சாதனை எண்களை ஒப்பிட்டு, எது பெரிது என்று முடிவு கட்டிவிட முடியாது. செய்தியில் வரும் எந்த எண்ணுக்கும் இந்தக் கேள்விகள் பொருந்தும்.

ஒலியைக் கட்டுப்படுத்தும் முயற்சிகளும் அங்கே உண்டு. மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழக ரசிகர்கள் மாட்டுமணி ஆட்டுவது நெடுநாள் வழக்கம். அந்த அணி சேர்ந்துள்ள தென்கிழக்குக் கூட்டமைப்பு 1974இல் செயற்கை ஒலிக்கருவிகளுக்குத் தடை விதித்தது. 2010இல், ஆட்டத்தின் குறிப்பிட்ட வேளைகளில் மட்டும் மணியடிக்கலாம் என்று தளர்த்தியது. அந்தத் தடை ஆட்டத்தின் நேர்மைக்காக வந்தது. காதின் நலத்துக்காக அன்று. இந்த வேறுபாட்டையும் மாணவர்கள் கவனிக்கட்டும்.

காது கேளாதோர் கற்பித்த வழி

இந்தப் பாடத்தில் என் மாணவர்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது. வாஷிங்டன் நகரில் காது கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1890களில் அதன் அணித்தலைவர் பால் ஹப்பர்ட், தங்கள் சைகைகளை எதிரணி பார்த்துவிடாமல் இருக்க ஆட்டக்காரர்களை வட்டமாகக் குனிந்து நிற்கவைத்துத் திட்டத்தைச் சொன்னார். இன்று உலகம் முழுவதும் அந்த ஆட்டத்தில் அணிகள் வட்டமாகக் கூடிப் பேசும் வழக்கம் அங்கிருந்து வந்ததாகவே கூறுவர். குரலால் தொடங்க முடியாததால், களத்தின் ஓரத்தில் பெரிய முரசை அடித்து அதன் அதிர்வை உடலால் உணர்ந்து ஆட்டத்தைத் தொடங்கும் முறையையும் அவர்கள் கையாண்டார்கள்.

இப்போது இரைச்சல் மிகுந்த அரங்குகளைப் பாருங்கள். அங்கே விருந்தினராக வரும் அணி குரலைக் கைவிட்டுவிடுகிறது. தலையசைப்பு, காலைத் தூக்குதல், கையசைப்பு என்று கண்ணால் காணும் குறிப்புகளால் ஆட்டத்தைத் தொடங்குகிறது. ஒரு லட்சம் பேர் கத்தும் இடத்தில் கேட்கும் திறன் உள்ளவர்களும் காது கேளாதோரின் வழிக்கே வந்து சேர்கிறார்கள். 2023 அக்டோபரில் காலடெட் அணி, பயிற்சியாளர் தேர்ந்தெடுக்கும் திட்டத்தைச் சிறு திரையில் காட்டும் தலைக்கவசத்தை ஓர் ஆட்டத்தில் பயன்படுத்தியது. 2024 முதல் கல்லூரிகளின் உயர்நிலைப் பிரிவில் பயிற்சியாளரின் குரலைக் கேட்கும் கருவியைத் தலைக்கவசத்தில் பொருத்த அனுமதி உண்டு.

செவித்திறன் குறைந்த மாணவர் வகுப்பில் இருந்தால் இந்தப் பகுதியை அவசியம் நடத்துங்கள். பேசாமல், எழுதாமல், சைகையால் மட்டும் ஒரு குழு வேலையை முடிக்கச் சொல்லிப் பாருங்கள். அந்தக் குழுவுக்கு அவரே வழிகாட்டியாக இருக்கலாம்.

தொடக்க வகுப்புகளுக்கு

டெசிபல் வேண்டாம், மூன்று செயல்கள் போதும். ஒரு கிண்ணத்தின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, மேலே சில அரிசி மணிகளைத் தூவி, அருகே தட்டை அடித்தால் மணிகள் துள்ளும். ஒலி என்பது அதிர்வு என்று புரியும். அடுத்து, கை நீட்டும் தொலைவில் நிற்பவரோடு பேச குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் காதுக்கு ஆகாதது என்ற எளிய விதியை நடித்துக் காட்டலாம். மூன்றாவதாக, பேரொலி கேட்டால் செய்ய வேண்டியவை: விலகு, மூடு, ஓய்வு கொடு. 2010இல் அமெரிக்காவின் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் வென்ற ட்ரூ பிரீஸ், காதுறை அணிந்த தம் ஒரு வயது மகனைத் தூக்கி நின்ற படம் உலகெங்கும் பரவியது. அந்தப் படத்தைக் காட்டி, குழந்தையின் தலையில் இருப்பது என்ன, ஏன் என்று கேட்டாலே வகுப்பு பேசத் தொடங்கிவிடும்.

ஆசிரியர் கவனத்துக்கு

விளையாட்டு விழா, ஆண்டு விழா நாள்களில் ஒலிபெருக்கியின் முன்வரிசையில் மிகச் சிறிய குழந்தைகளை உட்கார வைப்பது நம் வழக்கம். படம் நன்றாகத் தெரியும் இடம் காதுக்கு மோசமான இடம். பெட்டியின் முகத்தைத் திருப்புவதும், குழந்தைகளைச் சில மீட்டர் தள்ளி அமர்த்துவதும் செலவில்லாத பாதுகாப்பு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பள்ளியைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலமாகக் கருத இடமுண்டு. அங்கே பகல் வரம்பு 50 டெசிபல். இதை மாணவர்கள் செயலியால் அளந்து குடிமையியல் பாடத்தோடு இணைக்கலாம்.

காதில் பஞ்சு வைத்தால் போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. பஞ்சு மிகக் குறைவாகவே தடுக்கும். நுரையாலான காதடைப்பானை மெல்லியதாக உருட்டி, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து நுழைத்து, அது விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். சரியாக வைக்காவிட்டால் பயன் பெரிதும் குறைந்துவிடும்.

அழைத்தால் திரும்பாத குழந்தை, உதட்டையே பார்க்கும் குழந்தை, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்கும் குழந்தை, சொல்வதெழுதலில் ஒலி ஒத்த எழுத்துகளை மாற்றி எழுதும் குழந்தை ஆகியோரைக் கவனக்குறைவு என்று ஒதுக்காமல், பள்ளிக்கு வரும் ஆர்.பி.எஸ்.கே. மருத்துவக் குழுவிடம் காட்டுவது நல்லது. காது தொடர்ந்து இரைந்தாலும் அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். 12 முதல் 35 வயதுக்குட்பட்ட 100 கோடிக்கும் மேற்பட்டோர் பேரொலியால் செவித்திறன் இழக்கும் ஆபத்தில் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. நம் உயர்நிலை, மேனிலை வகுப்புகளில் இருப்பவர்கள் அந்த வயதினர்தான்.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்

1. ஓர் அரங்கில் 25,000 பேர் கத்தும்போது 97 டெசிபல். அதே அரங்கில் 50,000 பேர் கத்தினால் எவ்வளவு? எத்தனை நிமிடம் பாதுகாப்பு?
2. ஆட்டம் முடிந்த மறுநாள் காது சரியாகிவிட்டதால் ஒரு கேடும் இல்லை என்கிறார் உங்கள் நண்பர். அவருக்கு என்ன சொல்வீர்கள்?
3. உங்கள் ஊரில் சத்தம் மிகுந்த ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே நாள் முழுவதும் இருப்பவர் யார், வந்துபோகிறவர் யார் என்று பட்டியலிடுக. யாருடைய காதுக்கு ஆபத்து அதிகம்? ஏன்?
4. ஆரவாரம் குறையாமல், காதுக்கும் கேடு வராமல் ஓர் அரங்கை எப்படி அமைக்கலாம்? படம் வரைக.

மூன்றாம் வினாவுக்கு வரும் விடைகளைத் தொகுத்து வைத்துக்கொண்டால், மார்ச் 3 உலகச் செவித்திறன் நாளன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மாணவர்களே வாசிக்கலாம். ஒலிபெருக்கியின் அளவைச் சற்றுக் குறைத்து வைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.